பதினோரு எழுத்தில் ஒரு சிரிப்பு

நான் சிரிப்பதற்குப் பதினோரு எழுத்து போதுமாயிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தச் சிரிப்பும் என்னுடையதன்று. 'மகாதேவி'யிலும் 'வஞ்சிக்கோட்டை வாலிப'னிலும் கொட்டகைக் கூரையை அதிரவைத்த வில்லன் பி. எஸ். வீரப்பாவின் சிரிப்பு அது. நியூ ஜெர்ஸியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கூடத்து மூலையில், நள்ளிரவு தாண்டிய வேளையில், உறங்குகிறவர்கள் விழித்துக்கொள்ளாதபடி விசைகளை மெல்லத் தட்டி அந்தப் பதினோரு எழுத்தை நான் அனுப்பிய மாத்திரத்தில், சிகாகோவிலும் டல்லஸிலும், ஏறத்தாழ மூவாயிரம் மைலுக்கு அப்பால் கலிபோர்னியாவிலும், அவரவர் மேஜைமேல் இருந்த இரண்டு சின்னஞ்சிறு ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்து வீரப்பா ஏககாலத்தில் சிரித்தார். சிரித்தார் என்றுதான் இரண்டு வருஷ காலம் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கைக்கு என்ன கதி நேர்ந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன் சொல்லவேண்டிய சமாசாரங்கள் நிறைய இருப்பதால், அவசரக்காரர்கள் பதிவின் வாலைப் பார்த்துவிட்டுப் போவதானால் போகலாம், எனக்கு மனத்தாங்கல் இல்லை.

அது 1997ஆம் வருஷம். ஆண்டின் எண்ணை இரண்டே இலக்கத்தில் எழுதிப் பழகிவிட்ட பழைய புரோகிராம்கள், 2000 பிறக்கும்போது நூற்றாண்டு மாறியதை அறியாமல் 1900 என்று கணக்கிட்டுக் குழம்பப்போகின்றன என்ற பயம் அமெரிக்க வங்கிகளையும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளையும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த சமயமாதலால், கோபால் என்னும் பழங்காலக் கம்ப்யூட்டர் பாஷை தெரிந்தவனுக்கு விசாவும் விமான டிக்கெட்டும் தாமே தேடிவந்தன. ("கோபாலுக்காக நீ ஏண்டா அவ்வளவு தூரம் போகணும், அந்தப் பிள்ளையை இங்கே வரச் சொல்லேன்" என்று என் பாட்டி கேட்டது எங்கள் வீட்டில் இன்றைக்கும் வழங்கும் கதை.) அவ்விதம் போய்ச் சேர்ந்த பிரமசாரிகள் நால்வர், எடிசன் ஊரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரு குக்கர், ஒரு டெலிபோன், ஒரு கம்ப்யூட்டர் என்று குடித்தனம் நடத்தினோம். அமெரிக்கா ஆன்லைன் என்னும் கம்பெனி, சுருக்கமாக ஏ.ஓ.எல்., தன் தகட்டைத் தபாலிலும் பத்திரிகைகளுக்குள்ளும் வைத்து, கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல் வீட்டுக்கு வீடு வைத்துக்கொண்டிருந்தது. அதற்கு முந்தின வருஷம் வரையில் மாதத்துக்கு 5 மணி நேரத்துக்கு 9 டாலர் 95 சென்ட், அதற்குமேல் ஒவ்வொரு மணிக்கும் 2 டாலர் 95 சென்ட் என்றிருந்த கட்டணத்தை, 1996 டிசம்பரில், எவ்வளவு நேரம் பேசினாலும் 19 டாலர் 95 சென்ட் என்று மாற்றிவிட்டார்கள். நான்கால் வகுத்தால் ஆளுக்கு ஐந்து டாலருக்கு ஒரு சென்ட் குறைவு. ஊருக்கு டெலிபோன் பேசினால் நிமிஷக் கணக்கில் பணம் கரைந்த அந்நாளில், இந்த ஐந்து டாலர்தான் எங்களுக்குத் திண்ணை, அரசமரத்தடி, டீக்கடை பெஞ்சு எல்லாம்.

ஏ.ஓ.எல்.லில் அப்போது ஓர் அரட்டை அறையில் 23 பேர் இருக்கலாம். இருபத்துநான்காவது ஆளுக்குக் கதவு திறக்காது. வேண்டுமானால் நாமே ஓர் அறையைச் சிருஷ்டித்து அதற்குப் பெயரிட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமை இரவுகளில் எங்கள் அறையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து, சாம்பாருக்கு எந்தக் கடைத் துவரம்பருப்பு நன்றாக வேகிறது என்பதிலிருந்து பச்சை அட்டை எப்போது கிடைக்கும் என்பது வரையில் சம்பாஷித்துக்கொண்டிருப்போம்.

இந்த ஏ.ஓ.எல். அறையில் ஓசை எழுப்புகிற உபாயம் வெகு சுலபமாயிருந்தது. வளைவான அடைப்புக்குறியின் இடப்பாதி ஒன்று, அதை ஒட்டி ஆங்கில எஸ் எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு ஓசைக்குரிய பெயர்; அவ்வளவுதான். 'வெல்கம்' என்று பெயர் கொடுத்தால் வரவேற்புக் குரல் கேட்கும். 'குட்பை' என்றால் விடைபெறும் குரல். 'காட்மெயில்' என்றால் உங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது என்ற குரல், வராத கடிதத்துக்கும் கேட்கும். புதிதாக வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு அரட்டையைப் போட்டது போட்டபடி தபால்பெட்டியைத் திறந்து பார்க்க ஓடுவதும், வெறுங்கையோடு திரும்பிவருவதும், மற்றவர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பதும் அந்த உலகத்தின் பால்ய விளையாட்டுகளில் ஒன்று. 'வீரப்பா' என்பது ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. முன்னால் நிற்கும் மூன்றையும் சேர்த்தால் பதினொன்று.

இதில் நான் வியந்த விஷயம் என்னவென்றால், கம்பி வழியே போனது அந்தப் பதினோரு எழுத்து மாத்திரமே, சிரிப்பு போகவில்லை. எழுத்தைப் பெற்றுக்கொண்ட ஒவ்வொருவர் கம்ப்யூட்டரும், அந்தப் பெயரில் ஓர் ஓசைக்கோப்பு தன்னிடம் இருக்கிறதா என்று தன் ஃபோல்டரைத் துழாவிப் பார்க்கும், இருந்தால் இசைக்கும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும். கல்யாணப் பந்தலில் முகூர்த்த வேளையில் புரோகிதர் ஆள்காட்டி விரலை உயர்த்தி ஆட்டி, "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறாரே, அவருடைய தொண்டையிலிருந்து வருவது பெயர்தான். ஓசை இருப்பதோ ஓரமாக உட்கார்ந்திருக்கும் நாதஸ்வரக்காரரிடமும் தவில்காரரிடமும். அவர்கள் காப்பி குடிக்க எழுந்து போயிருந்தால், புரோகிதர் எவ்வளவு உரக்கக் கூவினாலும் தும்மலும் இருமலும் குழந்தையின் அழுகையும்தான் கேட்கும். எங்கள் அறையில் பன்னிரண்டு பேரும் பன்னிரண்டு பந்தலில் இருந்தோம். விரலை ஆட்டியவன் நான். மேளம் அவரவர் வீட்டில்.

ஏன் இப்படிச் சுற்றிவளைத்துச் செய்தார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. மைக்ரோசாஃப்டும் ஐ.பி.எம்.மும் 1991இல் கொண்டுவந்த வேவ் என்னும் ஓசைக்கோப்பு முறையில், சாமானியத் தரத்தில் பதிவுசெய்தாலும் ஒரு விநாடிச் சப்தத்துக்கு 11,025 பைட் பிடிக்கும். வீரப்பாவின் சிரிப்பை நான் கத்தரித்துக் கத்தரித்து 4 விநாடிக்குள் அடக்கியிருந்தேன். ஆக 44,100 பைட். எங்கள் வீட்டு மோடம் எவ்வளவு உற்சாகமாயிருந்தாலும் விநாடிக்கு 3,600 பைட்டுக்குமேல் இழுக்காது. நான்கு விநாடி சிரிப்பதற்குப் பன்னிரண்டு விநாடி வாயைத் திறந்துவைத்துக் காத்திருக்கவேண்டும். பழைய மோடம் வைத்திருந்த டல்லஸ் நண்பருக்கு இருபத்தைந்து விநாடி. சிரிப்புக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நகைச்சுவையின் ஆயுள் அதைவிட அற்பம். ஆகவே ஓசையை முன்கூட்டியே ஒவ்வொருவர் வீட்டிலும் இறக்கிவைத்துவிட்டு, வேண்டும்போது பெயர் சொல்லி அழைப்பது என்ற ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு மூதாதை உண்டு. எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுத்து 1963இல் வகுத்த ஆஸ்கி அட்டவணையில் 7 என்ற எண்ணுக்கு எழுத்தே கிடையாது. 'மணியை அடி' என்பதே அதன் பொருள். பத்திரிகை ஆபீஸ்களில் இரவும் பகலும் கடகடத்துக்கொண்டிருந்த டெலிபிரிண்டர் இயந்திரங்களில் நிஜமாகவே ஒரு மணி இருந்தது. சாதாரணச் செய்திக்குச் சும்மா இருக்கும் அது, பெரிய செய்தி வரும்போது ஒலிக்கும். எத்தனை முறை அடிக்கிறது என்பதைக்கொண்டே செய்தியின் கனத்தை அளந்துகொண்டு உதவி ஆசிரியர்கள் நாற்காலியைவிட்டு எழுவார்கள். இயந்திரம் போய்த் திரை வந்தபிறகும் அந்த ஏழாம் எண் மாத்திரம் போகவில்லை. பின்லாந்தின் ஊலு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினன் 1988இல் ஐ.ஆர்.சி. என்ற அரட்டை முறையை உண்டாக்கியபோது, திரையில் எழுத்து மாத்திரமே ஓடிய அந்த உலகத்திலும், கன்ட்ரோல் விசையோடு ஜி விசையைச் சேர்த்து அழுத்திச் செய்தியில் அனுப்பினால் எதிராளியின் பெட்டி 'கீங்' என்று ஒரு குரல் கொடுக்கும். தூங்கி வழிகிற நண்பனை எழுப்ப அது போதும். அங்கேயும் மணியை யாரும் அனுப்பவில்லை. மணியடிக்கச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

இனி வீரப்பாவைப் பிடித்துவந்த கதை. எடிசனில் ஓக் ட்ரீ ரோடு என்ற வீதியில், புளியும் பெருங்காயமும் விற்கிற கடைகளிலேயே வீடியோ கேஸட்டும் வாடகைக்குக் கிடைக்கும். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை வாடகைக்கு எடுத்துவந்த படத்தை வி.சி.ஆரில் ஓடவிட்டு, அதன் ஓசை வரும் துவாரத்திலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் கம்ப்யூட்டரின் முதுகிலிருந்த சவுண்ட் கார்டில் செருகி, விண்டோஸோடு இலவசமாக வந்த ஒலிப்பதிவு புரோகிராமைத் திறந்துவைத்துக்கொண்டு நால்வரும் அதைச் சூழ்ந்து உட்கார்ந்தோம். அந்த புரோகிராம் ஒரே மூச்சில் 60 விநாடிதான் பதியும். வீரப்பா எங்கே அறுபது விநாடிக்குள் அடங்குவார்? அவர் சிரிக்கும் இடத்திலெல்லாம் பின்னணி வாத்தியக்காரர்கள் தங்கள் முழு பலத்தையும் காட்டியிருந்தார்கள். வாத்தியம் ஓய்ந்த இடத்தில் கதாநாயகி அலறினாள். சங்கீத ஞானம் உள்ளவராகத் தம்மை எண்ணிக்கொண்டிருந்த தஞ்சாவூர் நண்பர், "எடுப்பு மட்டும் போதும் சார், கமகத்தை விட்டுடுங்கோ" என்று யோசனை சொன்னார். இரவு இரண்டு மணிக்கு, கதாநாயகியும் இல்லாமல் வயலினும் இல்லாமல், நான்கு விநாடிச் சிரிப்பு ஒன்று கையில் சிக்கியது. மறுநாள் அதை மின்னஞ்சலில் இணைத்து, சபரிமலைக்குப் போய்வந்தவன் வீட்டுக்கு வீடு அரவணையும் விபூதியும் அனுப்புவதுபோல், அறை நண்பர்கள் எல்லாருக்கும் அனுப்பிவைத்தேன். கேட்கவேண்டுமானால் முதலில் பெற்றுக்கொள்ளவேண்டும். பெற்றுக்கொண்டு சரியான ஃபோல்டரில், சரியான பெயரில் வைக்கவேண்டும். ஒரு சிரிப்புக்கு இத்தனை ஆசாரம்.

ஒன்று தொடங்கிவிட்டால் நிற்குமா? சிகாகோக்காரர் கோயில் மணி ஒன்றை அனுப்பினார். ஊரிலிருந்து கொண்டுவந்த கேஸட்டிலிருந்து தஞ்சாவூர் நண்பர் நாதஸ்வரத்தை மூன்று விநாடி வெட்டி அனுப்பினார். எங்கள் வீட்டுத் திருநெல்வேலிக்காரர் எந்தக் கேஸட்டையும் நாடாமல், தம் சொந்தத் தொண்டையில் "ஏலே!" என்று ஒரு முறை கூவிப் பதிந்து அனுப்பினார், எங்கள் அறையில் மிக அதிகமாக வழங்கிய ஓசை கடைசியில் அதுவாகவே இருந்தது. தமிழனுக்குச் சலசல, கலகல, படபட என்று ஓசையையே சொல்லாக்கி வைத்திருக்கும் இரட்டைக்கிளவிச் செல்வம் இருக்க, ஆங்கில விசைப்பலகையில் அதை அடித்தால் உயிரற்றுப் போகிறதே என்ற குறையை இந்தக் கோப்புகள்தான் ஒருவாறு தீர்த்துவைத்தன.

மற்ற அறைகளில் வேறு ஆசாரங்கள். லண்டனிலிருந்த காலித் மர்தம்பே 1995இல் வெளியிட்ட எம்.ஐ.ஆர்.சி. என்ற புரோகிராமில் சவுண்ட் என்றே ஒரு கட்டளை இருந்தது. ஆஸ்கியில் 1 என்ற எண்ணுக்குரிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை முன்னும் பின்னும் காவல் வைத்து, நடுவே ஓசையின் பெயரைப் பொதிந்து அது அனுப்பும். அதில் நான் மெச்சிய அம்சம் இன்னொன்று: உங்களிடம் அந்தக் கோப்பு இல்லையென்றால், ஓர் ஆச்சரியக்குறியும் அனுப்பியவரின் பெயரும் கோப்பின் பெயரும் அடித்தால், அவர் அதற்கு அனுமதித்து வைத்திருக்கும் பட்சத்தில், அவர் கம்ப்யூட்டர் தானாகவே அதை உங்களுக்கு அனுப்பிவைக்கும். 'நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கொடுங்கள்' என்று கேட்டு வாங்குகிற நாகரிகம் அது. இதைவிடப் பண்பான ஒரு வழக்கத்தைப் பின்வந்த எந்தச் சாதனத்திலும் நான் காணவில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் கொடுக்கல் வாங்கல் உள்ள இடத்தில் திருட்டும் உண்டு. வந்த கோப்பெல்லாம் புரோகிராமின் சொந்த ஃபோல்டரிலேயே போய் விழுகிற அசட்டையைப் பயன்படுத்திக்கொண்டு, 1997 கடைசியில், ஸ்கிரிப்ட் கோப்பின் வேஷத்தில் ஒரு புழு ஊரெல்லாம் பரவிற்று. அதற்குப் பிறகு யார் எதைக் கொடுத்தாலும் வாங்காதே என்பதே அறைகளில் முதல் உபதேசமாயிற்று. ஜிம் பம்கார்ட்னர் உண்டாக்கி டைம் வார்னர் 1995இல் வெளியிட்ட பேலஸ் என்ற சித்திர அரட்டையில், அடைப்புக்குறியின் வலப்பாதியைப் போட்டுப் பெயர் சொன்னால் முத்தச் சப்தமும் கரகோஷமும் கேட்கும். இஸ்ரேலில் 1996இல் பிறந்த ஐ.சி.க்யூ.வோ செய்தி வந்தபோதெல்லாம் 'ஓ ஓ' என்று, எதையோ கீழே போட்டு உடைத்துவிட்ட குழந்தையைப் போல் திகைத்தது. இவையெல்லாம் தயாராய் வந்த பலகாரம். வீட்டில் சுட்டது அன்று.

உபத்திரவம் செய்கிறவர்கள் இந்த வித்தையிலும் கைவரிசை காட்டாமல் இல்லை. ஓசையின் பெயருக்குப் பதில் ஒரு பாதையையே எழுதி, ஃப்ளாப்பி தட்டைச் செருகுகிற ஏ டிரைவின் பெயரை முன்னால் வைத்து அனுப்பினால், அறையிலிருந்த அத்தனை பேருடைய கம்ப்யூட்டரும், அங்கே தட்டு இருக்கிறதா இல்லையா என்று பாராமல், கரகரவென்று அந்த டிரைவைச் சுழற்றிப் பார்க்கும். நள்ளிரவில் ஆளில்லாத பெட்டி தானே உறுமினால் எப்படியிருக்கும்? முதல் முறை கேட்டபோது கோயம்புத்தூர் நண்பர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டார். இதைவிடப் பொல்லாதது ஒன்று பிற்பாடு வந்தது. விண்டோஸ் 95, 98 இரண்டிலும், டாஸ் காலத்திலிருந்து கன்சோலுக்கென்று ஒதுக்கிவைத்த 'கான்' என்ற பெயரை இரண்டு முறை அடுக்கிப் பாதையாகக் கொடுத்தால் இயந்திரம் மூர்ச்சையாகிவிடும் என்பதைக் கண்டுபிடித்தவர்கள், அந்த இரட்டைக் கானையே ஓசையின் பெயராக அறையில் வீசினார்கள். தேடப்போன கம்ப்யூட்டர்கள் தேடிய இடத்திலேயே விறைத்து நின்றன. 2000 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அதற்கு மருந்து வெளியிட்டது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எதையும் ஆராயாமல் எழுந்து ஓடுகிற விசுவாசத்துக்கு இப்படியும் ஒரு தண்டனை.

'வெல்கம்' என்ற அந்த ஆண்குரலைப்பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. அதற்குரியவர் எல்வுட் எட்வர்ட்ஸ். குவாண்டம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் என்பது ஏ.ஓ.எல்.லின் பூர்வாசிரமப் பெயர். அங்கே வேலை பார்த்த மனைவியின் மூலமாக, 1989இல், தம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு கேஸட் ரிக்கார்டரில் நான்கே வாசகங்களை அவர் பேசிக் கொடுத்தார்: வரவேற்பு, கடிதம் வந்த செய்தி, கோப்பு முடிந்த செய்தி, விடைபெறுதல். கிடைத்த சன்மானம் 200 டாலர். கோடிக்கணக்கான வீடுகளில் அனுதினமும் பேசிய அந்தக் குரல், 1998இல் ஒரு ஹாலிவுட் படத்துக்கே தலைப்பைக் கொடுத்தது. 2024 நவம்பர் 5ஆம் தேதி, 75ஆவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு, அவர் காலமானார். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான் இந்தப் பதிவை எழுதவேண்டும் என்று தோன்றிற்று. சோம்பலினால் இத்தனை நாளாகிவிட்டது.

ஓசை எழுவது கேட்கிறவனிடத்தில் என்றேனே, அதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் வாழ்ந்த ஆனந்தவர்த்தனர், 'த்வன்யாலோகம்' என்ற தம் நூலில், காவியத்தின் ஆத்மா த்வனி என்றார். த்வனி என்றால் சப்தம் என்றுதான் நேர்ப்பொருள். மணியை அடித்து நிறுத்தியபின் காதுக்குள் நீடித்து நிற்கும் ரீங்காரத்தைப் போல, சொல் ஓய்ந்தபின் கேட்கிறவன் மனத்தில் எழும் பொருளே அது என்று அந்த மரபினர் விவரிப்பார்கள். அது எழவேண்டுமானால் கேட்கிறவன் ஸஹ்ருதயனாக, அதாவது ஒத்த இதயம் படைத்தவனாக, இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. காலேஜில் பரீட்சைக்காக இதை உருப்போட்டபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எடிசன் வீட்டின் மூலையில், எனக்குத் தெரியாத ஒருவர் எங்கள் அறைக்குள் தவறிப் புகுந்து, வீரப்பா சிரித்த இடத்தில் வெறும் எழுத்தை மாத்திரம் கண்டு, "என்ன இது, குப்பை?" என்று கேட்டுவிட்டுப் போனபோது சட்டென்று விளங்கிற்று. அவர்மேல் தவறில்லை; அவர் ஃபோல்டரில் வீரப்பா இல்லை. இன்றைக்குக் கைப்பேசியில் நான் அனுப்புகிற சிரிப்பு முழுசாகப் போய், அனுப்பியபடியே போய்ச் சேர்ந்துவிடுகிறது; பெறுகிறவர் ஒத்த இதயம் படைத்தவரா என்று யாரும் கேட்பதில்லை. சௌகரியம் என்றால் பரம சௌகரியம். அதைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் என் பழைய பாட்டைக் கேட்டவர்களுக்கு, எனக்கு எது பெரியதாகப் படுகிறது என்பது தெரிந்திருக்கும்.

இப்போது அந்த நம்பிக்கையின் கதி. 1999 கோடையில் ஆபீஸ் வேலையாகக் கலிபோர்னியா போன நான், சன்னிவேலில் இருந்த எங்கள் அறைத் தோழியைப் பார்க்கச் சென்றேன். எங்களில் மூத்தவர், அறையில் எல்லாரும் அக்கா என்றே எழுதுவோம், முகம் பார்ப்பது அதுவே முதல் தடவை. அக்காவின் கணவர் அடை வார்க்க, அக்கா அவியல் பரிமாற, சாப்பிட்டுவிட்டுப் படுக்கையறை மூலையிலிருந்த கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தோம். சனிக்கிழமை இரவு, அறை களைகட்டியிருந்தது. யாரோ எதையோ சொல்ல, சிகாகோக்காரர் அந்தப் பதினோரு எழுத்தை அனுப்பினார். நான் வீரப்பாவுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். ஸ்பீக்கரிலிருந்து, பல் முளைக்காத ஒரு குழந்தை, வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டினாற்போல், கெக்கெக்கென்று சிரித்தது.

"அது நான்!" என்று கூவிக்கொண்டு மூன்று வயதுப் பெண் ஒன்று அடுத்த அறையிலிருந்து ஓடிவந்தது.

அக்கா முகம் சிவந்துபோயிற்று. "கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க முதல் தடவை அதைப் போட்டப்போ இவளுக்கு எட்டு மாசம். தொட்டில் இங்கேதான் இருந்தது. வீரப்பா சிரிச்சாரோ இல்லையோ, வீறிட்டு அழுதா பாருங்க, ராத்திரி பூரா தூங்கலை. சத்தத்தையே நிறுத்தி வெச்சுடலாம்னு பார்த்தேன். நிறுத்தினா கோயில் மணியும் போயிடும், நாதஸ்வரமும் போயிடும். அதான் இவ சிரிச்சதைப் பதிஞ்சு, வீரப்பான்னு பேர் போட்டு அவர் இருந்த இடத்துல வெச்சுட்டேன்."

"அப்போ நாங்க 'பயந்துட்டீங்களா அக்கா'ன்னு கேட்டா, 'ரொம்பப் பயந்துட்டேன்'னு எழுதுவீங்களே?"

"வேற என்னத்தை எழுதறது?" என்றார் அக்கா.

நான் பயமுறுத்துவதாக எண்ணி அனுப்பிய ஒவ்வொரு முறையும் அந்த வீட்டில் ஒரு குழந்தை சிரித்திருக்கிறது. சிகாகோவில் என்ன சிரித்தது, டல்லஸில் என்ன சிரித்தது என்பதை நான் விசாரிக்கத் துணியவில்லை.

ஊருக்குப் புறப்படும்போது அக்கா அந்தக் கோப்பை ஒரு ஃப்ளாப்பி தட்டில் ஏற்றிக் கையில் கொடுத்தார். எடிசன் திரும்பி அதை என் ஃபோல்டரில் நகலெடுக்கப் போனேன். விண்டோஸ் குறுக்கே நின்றது. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இங்கே இருக்கிறது, 43 கேபி சொச்சம். அதை எடுத்துவிட்டு இந்த 32 கேபி கோப்பை வைக்கலாமா என்று, இரண்டின் தேதியையும் காட்டிக் கேட்டது. வெகு நேரம் யோசித்து, வேண்டாம் என்பதை அழுத்தினேன். பெயரை மாற்றி வைத்துக்கொண்டிருக்கலாம். ஏனோ அதற்கும் கை வரவில்லை. தட்டை வெளியே எடுக்காமல் டிரைவிலேயே விட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, பேச்சு நடுவே ஓய்ந்திருந்த ஒரு தருணத்தில், அடைப்புக்குறியும் எஸ்ஸும் போட்டு, பெயருக்கு முன்னால் ஏ டிரைவின் பாதையையும் சேர்த்து அடித்தேன். அறையிலிருந்தவர்களின் வெறும் டிரைவுகளெல்லாம் கரகரவென்று உறுமியிருக்கவேண்டும், "யார்ரா அது, நடுராத்திரியில்?" என்று திரையில் வசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. என் மேஜைமேல் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.